லினக்ஸ் விஎம் உள்ளே, எடிட்டர் எங்கே? ஒவ்வொரு வழியும் அதன் மறைமுகச் செலவும்

விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விஎம்மை, ஓட்டுகிற மென்பொருள்) போட்டு, அதில் உபுண்டு ஏற்றி, பிஎச்பியோ நோடோ பைத்தானோ ஓடுகிற அளவுக்குக் கொண்டு வந்த பிறகு பலரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: கோடு எழுதுகிற எடிட்டரை எங்கே வைப்பது? விஎம் உள்ளேயே விஎஸ் கோடை நிறுவுவதா, விண்டோஸிலேயே வைத்துக்கொண்டு ஷேர்டு ஃபோல்டர் வழியாகப் போவதா, எஸ்எஸ்ஹெச் (இன்னொரு இயந்திரத்துக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியா, இல்லை விஎம்மையே விட்டுவிட்டு டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே ஓடும் லினக்ஸ்), டாக்கர் (நிரலைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) என்று மாறிவிடுவதா? கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவரவர் சொல்வது அவரவர் வேலைக்குச் சரியாகத்தான் இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் எங்கே ஓடுகிறதோ அங்கேயே கோப்புகளும் இருக்க வேண்டும். எடிட்டரின் ஜன்னல் மட்டும் நம் கண்முன் இருந்தால் போதும். கீழே வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் இதை மீறுவதால் வருபவை. ஆனாலும் மீறுவதே சரி என்கிற நிலைமைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மேலே சொன்னதுதான்: கோப்புகள் ஹோஸ்டில் (வெளியே உள்ள விண்டோஸில்) இருக்கின்றனவா, கெஸ்டில் (உள்ளே ஓடும் விஎம்மில்) இருக்கின்றனவா. வேகம், அனுமதிகள், சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி), வரி முடிவு (வரியின் கடைசியில் விண்டோஸும் லினக்ஸும் வேறுவேறாக வைக்கிற குறி) எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இரண்டாவது ரேம். 16 ஜிபி இருப்பவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், 8 ஜிபியில் இருப்பவருக்கு இது ஒன்றே பாதி முடிவைச் செய்துவிடும்.

மூன்றாவது, கோப்பு மாறியது என்ற சேதி நிரலுக்குப் போய்ச் சேருகிறதா என்பது. வெப்பேக், வீட் போன்ற வெப் கட்டுமானக் கருவிகள் நீங்கள் சேவ் செய்ததும் தானாக மறுபடி கட்டிக் கொடுப்பது லினக்ஸ் கெர்னல் தரும் ஐநோட்டிஃபை சேதியை நம்பித்தான். அந்தச் சேதி வராவிட்டால் அவை சும்மா உட்கார்ந்திருக்கும்.

நான்காவது தனிமை: உள்ளே ஓடுகிற கோடு வெளியே உள்ள உங்கள் இயந்திரத்தைத் தொட முடியுமா? ஐந்தாவது, இதே ஏற்பாட்டை டீமில் இன்னொருவர் திரும்பச் செய்ய எவ்வளவு நேரமாகும்? தனியாக வேலை செய்பவர் இதை விட்டுவிடலாம். ஆறாவதாக யாரும் யோசிக்காத ஒன்று: விஎம் கெட்டுப்போனால் உங்கள் கோடு எங்கே இருக்கும்?

## விஎம் உள்ளேயே எடிட்டர்

விஎம்மில் முழு டெஸ்க்டாப்பையும் ஏற்றி, அதற்குள்ளேயே விஎஸ் கோடையோ ஜெட்பிரெயின்ஸ் எடிட்டரையோ ஓட்டுவது. கோப்புகளும் நிரலும் ஒரே இடத்தில் இருப்பதால் சிம்லிங்க், அனுமதி, ஐநோட்டிஃபை எதிலும் சிக்கல் வராது.

அதற்கு விலை ரேமிலும் திரையிலும் கட்ட வேண்டும். உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப் சும்மா நின்றாலே 1 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விஎஸ் கோடு எலக்ட்ரானில் எழுதப்பட்டது, அதாவது உள்ளே ஓடுவது குரோமியம். விஎம்முக்கு ஒழுங்கான கிராஃபிக்ஸ் முடுக்கம் கிடைக்காதபோது திரையை வரைகிற வேலை முழுவதும் சிபியு தலையில் விழுந்து, ஸ்க்ரோல் செய்யும்போதே இழுக்க ஆரம்பிக்கும். எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இலகுவான டெஸ்க்டாப்புக்கு மாறினால் கொஞ்சம் தேவலை. அப்புறம் கெஸ்ட் அடிஷன்ஸ் (திரை அளவு, காப்பி பேஸ்ட் ஆகியவற்றுக்காக விஎம் உள்ளே நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருள்): உபுண்டு கெர்னலை அப்டேட் செய்த மறுநாள் திரை சின்னதாகச் சுருங்கி, காப்பி பேஸ்டும் நின்றுபோயிருந்தால் அந்த மாட்யூல் புதுக் கெர்னலுக்கு மறுபடி கட்டப்படவில்லை என்று அர்த்தம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விண்டோஸில் வைத்திருக்கும் தமிழ்99 உள்ளே வராது, ஏனென்றால் விஎம்முக்குப் போவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற தகவல் மட்டும்தான், அந்த விசை எந்த எழுத்தாக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் லினக்ஸே முடிவு செய்கிறது. ஆகவே ஐபஸ் என்ற லினக்ஸ் உள்ளீட்டுக் கருவியை நிறுவி அங்கேயும் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும்.

இது எப்போது சரி? நம்பிக்கையில்லாத கோடைத் திறந்து பார்க்கும்போது. முன்பின் தெரியாத ஒருவர் "இந்த ரெப்போவை ஓட்டிப் பாருங்கள்" என்று அனுப்பினால், எடிட்டர், டெர்மினல் எல்லாமே விஎம்முக்குள் அடைபட்டிருக்க வேண்டும், ஷேர்டு ஃபோல்டரும் பொது கிளிப்போர்டும் அணைந்திருக்க வேண்டும், ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையின் நகல்) ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும். இதில் தயவுசெய்து சமரசம் செய்யாதீர்கள். ஜிடிகே, க்யூட்டி என்று லினக்ஸ் டெஸ்க்டாப் செயலி எழுதுபவர்களுக்கும் இதுவே வசதி.

## ஹோஸ்டில் எடிட்டர், ஷேர்டு ஃபோல்டரில் கோடு

புதிதாக வருகிற பெரும்பாலானோர் தொடங்குகிற இடம் இது. விண்டோஸில் ஒரு ஃபோல்டர், அதை விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் பகிர்ந்தால் விஎம் உள்ளேயும் தெரிகிறது. வேக்ரன்ட் (விஎம்மைக் கட்டளைகளால் உருவாக்கும் கருவி) பயன்படுத்துபவர்களுக்கு அமைப்புகூடத் தேவையில்லை, ப்ராஜெக்ட் ஃபோல்டர் தானாகவே விஎம் உள்ளே வேக்ரன்ட் என்ற பெயரில் வந்து நிற்கும். எடிட்டர் முழு வேகத்தில் ஓடும், பேக்கப் எடுக்கும்போது கோடும் சேர்ந்துகொள்ளும், விஎம்மை அழித்தாலும் ஒன்றும் போகாது. முதல் வாரம் நன்றாகவே இருக்கும்.

அப்புறம் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய நூலகங்களை இறக்க என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையை ஓட்டுவீர்கள். நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டரில் பல்லாயிரம் சின்னச் சின்னக் கோப்புகள். ஒவ்வொன்றையும் திறக்க, அளவு பார்க்க, தேதி பார்க்க கெஸ்ட் ஹோஸ்டிடம் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். நூறு சாமானுக்கு நூறு முறை மளிகைக் கடை வரிசையில் நிற்பது மாதிரி. பெரிய கோப்பு ஒன்றைப் படிப்பதில் இந்த வித்தியாசம் தெரியாது. கிட் ஸ்டேட்டஸ், கம்போசர், டெஸ்ட் ஓட்டுவது எல்லாம் சின்னக் கோப்பு வேலைகள் என்பதால் அங்கேதான் உறைக்கும்.

இன்ஸ்டால் முடிவதற்குள் சிம்லிங்க் உருவாக்க முடியவில்லை என்ற பிழையும் வரலாம். பாதுகாப்புக்காக விர்ச்சுவல்பாக்ஸ் பகிர்ந்த ஃபோல்டரில் சிம்லிங்க் உருவாக்குவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு விஎம்முக்கும் தனியாகத் திறந்துவிட வேண்டும், விண்டோஸ் பக்கமும் அதற்கு அனுமதி வேண்டும். அனுமதியை மாற்றுகிற சிஎச்மோடு கட்டளையும் அங்கே எடுபடாது, ஏனென்றால் அனுமதிகள் மவுண்ட் செய்யும்போதே (ஃபோல்டரை உள்ளே இணைக்கும்போதே) நிர்ணயமாகிவிடுகின்றன. அந்த ஃபோல்டரில் எஸ்எஸ்ஹெச் தனிச்சாவியை வைத்தால் "அனுமதி தாராளமாக இருக்கிறது" என்று எஸ்எஸ்ஹெச் அதைத் தொடவே மறுக்கும்.

இன்னொன்றைக் கிட்டத்தில் பார்ப்போம், இதில் பலருக்கு ஒரு நாள் முழுதும் போயிருக்கிறது. ஸ்டைல் ஷீட்டில் ஒரு நிறத்தை மாற்றி, சேவ் செய்து, பிரவுசரை ரெஃப்ரெஷ் செய்கிறீர்கள். பழைய நிறமே நிற்கிறது. கேஷை அழித்தாலும் அதே. விஎம் உள்ளே போய் கேட் (cat) கட்டளையில் பார்த்தால் கோப்பில் புது நிறம் இருக்கிறது! பிரவுசர்மேல் தப்பில்லை, கோடுமேலும் தப்பில்லை. என்ஜின்எக்ஸும் அப்பாச்சியும் கோப்பை வேகமாக அனுப்ப சென்ட்ஃபைல் என்ற கெர்னல் வசதியைப் பயன்படுத்தக்கூடும். அது விர்ச்சுவல்பாக்ஸின் பகிர்ந்த ஃபோல்டரோடு ஒத்துப்போவதில்லை, கோப்பு மாறியும் பழைய உள்ளடக்கமே போகும், சில நேரம் குப்பை எழுத்துகளோடு. வெப் சர்வர் அமைப்பில் சென்ட்ஃபைலை அணைத்தால் சரியாகிவிடும். வேக்ரன்டின் ஆவணமே இதை ஒரு எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறது.

ஐநோட்டிஃபையும் இப்படித்தான். விண்டோஸ் பக்கம் சேவ் செய்தால் கெஸ்ட் கெர்னலுக்கு அது தெரியவே தெரியாது, அதனால் தானாக ரீலோட் ஆகாது. போலிங் முறைக்கு மாற்றலாம், ஆனால் நிரல் ஒவ்வொரு கோப்பையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதால் மேலே சொன்ன வரிசை இன்னும் நீளும், லேப்டாப் விசிறி சுற்ற ஆரம்பிக்கும்.

இவ்வளவு இருந்தும் இதற்கும் இடம் உண்டு. கோப்புகள் குறைவு, வாட்ச் செய்ய ஒன்றுமில்லை, எப்போதாவது ஒரு மேக் (make) கட்டளை: அப்படிப்பட்ட சி ப்ராஜெக்ட்டுக்கோ லேடெக் ஆவணத்துக்கோ இதுவே போதும். படங்களை விண்டோஸ் மென்பொருளில் திருத்தி உள்ளே அனுப்பவும் இதுதான் சுலபம்.

## ஹோஸ்டில் ஜன்னல், விஎம்மில் வேலை: ரிமோட்-எஸ்எஸ்ஹெச்

2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோடுக்கு ரிமோட் எக்ஸ்டென்ஷன்களை வெளியிட்ட பிறகு இந்தக் கேள்வியே உருமாறிவிட்டது என்பேன். எடிட்டரை இரண்டாக வெட்டி, திரையை உங்கள் விண்டோஸிலும், கோப்பைத் திறப்பது, தேடுவது, டெர்மினல், டீபக்கர், மொழி சர்வர் (கோடைப் புரிந்துகொண்டு பரிந்துரை தரும் நிரல்) எல்லாவற்றையும் விஎம் உள்ளேயும் வைத்துவிடுகிறது. முதல்முறை இணையும்போது ஒரு சின்ன சர்வரை விஎம்மில் உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் தானே நிறுவிக்கொள்ளும். கோப்பு லினக்ஸின் சொந்த வட்டிலேயே இருப்பதால் முந்தைய பகுதியில் சொன்ன எந்தத் தொல்லையும் இங்கே கிடையாது. விஎம்முக்கு டெஸ்க்டாப்பே தேவையில்லை, உபுண்டு சர்வர் போதும்.

அமைப்பதும் சிரமமில்லை. விஎம்மில் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர், விர்ச்சுவல்பாக்ஸில் ஹோஸ்டின் 2222 போர்ட்டை கெஸ்டின் 22-க்குத் திருப்பிவிடுவது, ஒரு சாவி, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் நான்கைந்து வரி. வேக்ரன்ட் என்றால் எஸ்எஸ்ஹெச்-கான்ஃபிக் என்ற துணைக்கட்டளை அந்த வரிகளை அப்படியே அச்சிட்டுக் கொடுக்கும்.

இனி மறைமுகச் செலவுகள். விஎம்முக்குக் குறைந்தது 1 ஜிபி, பரிந்துரை 2 ஜிபியும் இரண்டு கோரும் என்று விஎஸ் கோடு ஆவணம் சொல்கிறது. டைப்ஸ்கிரிப்ட், ஜாவா போன்ற கனமான மொழி சர்வர்களும் அங்கேயே ஓடுவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள். எடிட்டர் அப்டேட் ஆகும்போதெல்லாம் புது சர்வர் இறங்கும், பழையது சில அங்கேயே கிடக்கும், சின்ன வட்டு வைத்த விஎம்மில் ஒரு நாள் இடம் தீர்ந்துபோகும். அந்த மறைந்த ஃபோல்டரை அவ்வப்போது பாருங்கள். பெரிய ப்ராஜெக்ட்டில் "கோப்பு மாற்றங்களைக் கவனிக்க முடியவில்லை" என்று செய்தி வந்தால் ஐநோட்டிஃபை வரம்பை 524288 வரை உயர்த்த வேண்டும்.

பழைய லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2025 மார்ச் மாத வெளியீடான விஎஸ் கோடு 1.99-லிருந்து அந்த சர்வருக்கு ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.28 அல்லது அதற்கு மேல் வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17, உபுண்டு 18.04-இல் 2.27. ப்ரொடக்‌ஷன் இன்னும் அந்தப் பழசில் ஓடுவதால் அதையே விஎம்மில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்தக் கதவு மூடிவிட்டது. அந்த நிலைமையில் ஹோஸ்டில் எழுதி ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் ஒருதிசையாக உள்ளே தள்ளுவதே நல்லது, இல்லையென்றால் டெர்மினலிலேயே ஓடும் விம் எடிட்டரும், டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டீமக்ஸும். விம் பழகியவருக்கு எடிட்டர் எங்கே என்ற பிரச்சினையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, கோடு இப்போது விஎம் வட்டில் மட்டும்தான் இருக்கிறது. விண்டோஸ் பேக்கப் அதை ஒரே ஒரு பெரிய வட்டுக் கோப்பாகத்தான் பார்க்கும். வேக்ரன்ட் டெஸ்ட்ராய் என்று அடித்தால் கமிட் செய்யாதது, புஷ் செய்யாதது எல்லாம் சேர்ந்து போய்விடும். சாயங்காலம் லேப்டாப்பை மூடுமுன் கிட் புஷ், அரைகுறையாக இருந்தாலும் தனிக் கிளையில் புஷ்.

இது பாதுகாப்புச் சுவரும் அல்ல. கெட்டுப்போன ரிமோட் இயந்திரம் இந்த இணைப்பின் வழியாகவே உங்கள் இயந்திரத்தில் கோடை ஓட்ட முடியும் என்று அந்த எக்ஸ்டென்ஷனின் விளக்கமே எச்சரிக்கிறது. தெரியாத கோடை இப்படித் திறக்காதீர்கள். விஎஸ்கோடியம் (விஎஸ் கோடின் திறமூல வடிவம்) பயன்படுத்துபவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் இந்த எக்ஸ்டென்ஷனை எடுக்க முடியாது, அதன் உரிமம் அதிகாரபூர்வ விஎஸ் கோடுக்கு மட்டும். ஜெட்பிரெயின்ஸ் பக்கம் கேட்வே இதே வேலையைச் செய்கிறது, ஆனால் விஎம்மிடம் அதிக ரேம் கேட்கும்.

## டபிள்யூஎஸ்எல் 2

விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து (அது பதிப்பு எண், ஆண்டு அல்ல) கிடைக்கிறது. இதுவும் அடியில் ஒரு விஎம்தான், எழுப்புவதும் பராமரிப்பதும் மைக்ரோசாஃப்ட்டின் பொறுப்பு. நொடிகளில் எழும், டெர்மினலில் கோடு (code) என்று அடித்து, இடைவெளி விட்டு ஒரு புள்ளி வைத்தால் விஎஸ் கோடு திறந்துவிடும், நெட்வொர்க், சாவி என்று எதையும் அமைக்க வேண்டாம்.

இங்கே பெரும்பாலானோர் தடுக்குவது அதே பழைய இடத்தில். சி டிரைவில் இருக்கும் ப்ராஜெக்ட்டை எம்என்டி-சி (சி டிரைவ் லினக்ஸுக்குள் தெரிகிற பாதை) வழியாகத் திறந்துவிட்டு "டபிள்யூஎஸ்எல் மந்தம்" என்பார்கள். அந்தப் பாதை 9பி என்ற நெறிமுறையில் சுவரைத் தாண்டிப் போகிறது, ஐநோட்டிஃபையும் அங்கே வராது. லினக்ஸின் ஹோம் டைரக்டரிக்குள் குளோன் செய்யுங்கள், அது வேறு உலகம்.

மற்ற செலவுகள்: கட்டுப்படுத்தாவிட்டால் இயந்திரத்தின் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், ஆகவே டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் வரம்பு வையுங்கள். அதன் வட்டுக் கோப்பு வளரும், நீங்கள் உள்ளே அழித்தாலும் தானாகச் சுருங்காது. விண்டோஸ் டிரைவ்கள் இயல்பாகவே உள்ளே மவுண்ட் ஆகியிருப்பதால் தனிமை என்று பெரிதாக ஒன்றுமில்லை. இதை இயக்கினால் ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்ட்டின் விஎம் அடுக்கு) அடியில் வந்துவிடும், அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமை தென்பட்டால், அது ஹைப்பர்-வியின் மேல் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அந்த ஆமையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## டெவ் கன்டெய்னர்

ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு ஜேசன் கோப்பு. எந்த இமேஜ், எந்த எக்ஸ்டென்ஷன், எந்த போர்ட் என்று அதில் எழுதிவைத்தால் எடிட்டர் அந்தக் கன்டெய்னரை (டாக்கர் ஓட்டும் தனிப் பெட்டியை) கட்டி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். டீமுக்குப் புதிதாக வருபவர் ரெப்போவை எடுத்து, "கன்டெய்னரில் திற" என்று அழுத்தி, டீ குடித்துவிட்டு வந்தால் வேலை தொடங்கலாம். இன்னொருவர் திரும்பச் செய்ய ஆகும் நேரம் என்ற ஐந்தாவது அளவுகோலில் இதை மிஞ்ச ஆளில்லை. ஒரே இயந்திரத்தில் ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் பைத்தான் 3.8, இன்னொன்றுக்கு 3.12 என்று வைத்திருப்பவர்களுக்கும் பெரிய நிம்மதி.

மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் ஓடுவதே ஒரு லினக்ஸ் விஎம்முக்குள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஹோஸ்ட் ஃபோல்டரை பைண்ட் மவுண்ட் செய்தால் (அப்படியே உள்ளே இணைத்தால்) ஷேர்டு ஃபோல்டர் பிரச்சினையின் தம்பி இங்கேயும் வருவான். ரெப்போவை டாக்கர் வால்யூமிலேயே (டாக்கர் தானே வைத்திருக்கும் சேமிப்பிடத்திலேயே) குளோன் செய்வதோ, விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் உள்ளே வைத்துத் திறப்பதோ வழி. லினக்ஸ் ஹோஸ்ட்டில் வேகம் பிரச்சினையில்லை, யூசர் ஐடி பொருந்தாவிட்டால் கோப்புகள் ரூட் பெயரில் உருவாகித் தொல்லை தரும். பழைய இமேஜ்கள் வட்டை நிறைக்கும்.

பணமும் உண்டு. டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்ட் இறுதியில் உரிமத்தை மாற்றியது: 250 பேருக்கு மேல் வேலை செய்கிற, அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டுகிற நிறுவனங்கள் சந்தா கட்ட வேண்டும். உங்கள் கம்பெனி லேப்டாப்பில் போடுமுன் கேட்டுவிடுங்கள். கெர்னல் மாட்யூல், சிஸ்டம்டி சேவைகள், நெட்வொர்க் அமைப்பு ஆகியவற்றைச் சோதிக்கிற வேலை என்றால் கன்டெய்னர் பொருந்தாது, முழு விஎம்தான்.

## மேகத்தில்

கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் (பிரவுசரிலிருந்தே திறக்கிற மேக இயந்திரம்) தனிக் கணக்குகளுக்கு மாதம் 120 கோர்-மணி இலவசமாகத் தருகிறது. இரண்டு கோர் இயந்திரம் என்றால் 60 மணி நேரம். 4 ஜிபி லேப்டாப் வைத்திருக்கும் மாணவருக்கு இது உண்மையான வாய்ப்பு. தினமும் எட்டு மணி நேரம் எழுதுபவருக்கு ஒன்றரை வாரத்தில் தீர்ந்துவிடும். நெட் போனால் வேலை போச்சு. பிரவுசரில் ஓட்டும்போது கன்ட்ரோல்-டபிள்யூ அழுத்தினால் டேப் மூடிக்கொள்ளும், கோப்பு அல்ல. 30 நாள் தொடாமல் விட்ட கோட்ஸ்பேஸ் இயல்பாக அழிக்கப்படும், புஷ் செய்யாதவையும் சேர்த்து. சொந்த விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த சர்வரில்) கோட்-சர்வர் (பிரவுசரில் ஓடும் விஎஸ் கோடு) போடலாம். அது மைக்ரோசாஃப்ட் மார்க்கெட்பிளேஸுக்குப் பதில் ஓபன் விஎஸ்எக்ஸிலிருந்து எக்ஸ்டென்ஷன் எடுப்பதால் பைலான்ஸ் (பைத்தான் மொழி சர்வர்) போன்ற சில கிடைக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | கோப்பு இருப்பது | ரேம் சுமை | சேவ் செய்ததும் சேதி போகுமா | தனிமை | முக்கிய ஆபத்து |
|---|---|---|---|---|---|
| விஎம் உள்ளேயே எடிட்டர் | விஎம் | மிக அதிகம் | போகும் | நன்று | திரை மந்தம் |
| ஷேர்டு ஃபோல்டர் | ஹோஸ்ட் | குறைவு | போகாது | நடுத்தரம் | சின்னக் கோப்பு வேகம், சிம்லிங்க் |
| ரிமோட்-எஸ்எஸ்ஹெச் | விஎம் | நடுத்தரம் | போகும் | நடுத்தரம் | விஎம்மோடு கோடும் போவது |
| டபிள்யூஎஸ்எல் 2 | லினக்ஸ் வட்டில் வைத்தால் நன்று | நடுத்தரம் | அங்கே போகும் | குறைவு | வட்டும் ரேமும் வளர்வது |
| டெவ் கன்டெய்னர் | வால்யூம் நல்லது | நடுத்தரம் முதல் அதிகம் | வால்யூமில் போகும் | நடுத்தரம் | உரிமம், மவுண்ட் வேகம் |
| மேகம் | தொலைவில் | மிகக் குறைவு | போகும் | நன்று | நெட், மணிக்கணக்கு |

## உங்கள் நிலைமைக்கு எது

8 ஜிபி விண்டோஸ் லேப்டாப், தனியாக வெப் வேலை: டபிள்யூஎஸ்எல் 2, 4 ஜிபி வரம்போடு. ப்ரொடக்‌ஷன் சர்வர் போலவே அச்சு அசலாக ஒரு லினக்ஸ் வேண்டும், அதே கெர்னல், அதே சேவைகள் என்றால் டெஸ்க்டாப் இல்லாத விஎம்மும் ரிமோட்-எஸ்எஸ்ஹெச்சும். நான்கைந்து பேர் சேர்ந்த டீம், ஆளுக்கொரு இயந்திரம் என்றால் டெவ் கன்டெய்னர் எழுதிவைக்கிற உழைப்பு வீண் போகாது. ஆப்பிள் சிலிக்கன் மேக் வைத்திருப்பவர்கள் x86 (இன்டெல் வகை) விஎம்மை மறந்துவிட்டு, மல்டிபாஸ் அல்லது யூடிஎம் என்ற விஎம் மென்பொருளில் ஆர்ம் உபுண்டு போட்டு எஸ்எஸ்ஹெச் வழியாக இணையுங்கள்.

இப்போது ஷேர்டு ஃபோல்டரில் திணறிக்கொண்டிருப்பவர்கள் விஎம்மைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. இருக்கும் விஎம்மிலேயே எஸ்எஸ்ஹெச் சரிசெய்து, ஹோம் டைரக்டரிக்குள் ரெப்போவைப் புதிதாக குளோன் செய்யுங்கள். பழைய ஃபோல்டரைக் காப்பி செய்யாதீர்கள், விண்டோஸ் வரி முடிவுகள் கூடவே வந்து ஷெல் ஸ்கிரிப்டுகளை உடைக்கும். கிட்டில் சேராத என்வி (.env) அமைப்புக் கோப்பு, அப்லோட் ஃபோல்டர் ஆகியவற்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், நோடு மாட்யூல்ஸை உள்ளேயே புதிதாக நிறுவுங்கள், சென்ட்ஃபைலை அணைத்திருந்தால் மறுபடி இயக்குங்கள், போலிங் அமைப்பை நீக்குங்கள். பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்கள்; எதையாவது எடுக்க மறந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.